சோதிக்கற்பாலது சொல்லோ, தீர்ப்போ?

சொல்லும் பொருளும் அம்மையப்பரைப்போல் இணைபிரியாதன என்பது நம்மவர் நெடுங்காலமாகப் போற்றிவந்த கொள்கை. அக்கொள்கையிலே வளர்ந்த யாம், சொல்லை ஓரிடத்தும் பொருளை மற்றோரிடத்தும் வைத்தல் வேண்டும் என்று இம்மலரிலே வாதிடப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எமது வாதம் செய்யுளைப் பற்றியதன்று. கணினிக்கு எழுதப்படும் செய்நிரலைப் பற்றியது. பழைய மாணவருள் அத்தொழில் செய்வோர் உளர்; இப்போது பயில்வோருட் பலர் நாளை அதனை நாடுவர். அவர்கள் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு சிறு வினாவை ஈண்டு ஆராய்வாம். வினா சிறிதேயாயினும், கந்தோரிலும் வங்கியிலும் கணினித் திரையின் முன் நிற்கும் எளிய மனிதன் தன் மொழியிலே விளங்கத்தக்க விடை பெறுவானா, மாட்டானா என்பது அவ்வினாவுக்கு யாம் காணும் விடையையே பெரிதும் பொறுத்தது.

ஓர் எடுத்துக்காட்டினால் விடயத்தை விளக்குவாம். ஒரு கல்லூரி நூல்நிலையத்துக்குச் செய்நிரல் எழுதுகின்றோம் என வைத்துக்கொள்க. மாணவன் ஒருவன் நூலொன்றை இரவல் கேட்கின்றான். கொடுக்கலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும் செயன்முறை ஒன்று அங்கு வேண்டும். நான்கு காரணங்களால் அது மறுக்கலாம். அவன் எடுக்கத்தக்க அளவு நூல்களை ஏற்கெனவே எடுத்துவிட்டான். அன்றி, முன்னெடுத்த நூலைத் தவணை கடந்தும் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றி, அந்நூலை வேறொருவர் முன்னரே கேட்டு வைத்துள்ளார். அன்றி, அது வெளியே கொண்டுசெல்லலாகாத உசாத்துணை நூல். புதிதாக எழுதப் பழகுவோர் இங்கே செய்வது யாது? 'நீர் ஏற்கெனவே 2 நூல்கள் எடுத்துள்ளீர். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபின் வருக' என்னும் வாக்கியத்தை அச்செயன்முறையே முழுமையாக அமைத்து, அதனையே தன் விடையாகத் திருப்பி அனுப்புமாறு எழுதிவிடுவர். எழுதுவதற்கு எளிது, பார்வைக்கும் குற்றமில்லை.

இனி, பொறுப்புணர்ந்த நிரலாளர் தாம் எழுதிய ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே சோதிக்கும் சிறு நிரல்களையும் உடன் எழுதிவைப்பர். அவை அலகுச் சோதனைகள் எனப்படும். 1997ஆம் ஆண்டு கென்ற் பெக், எரிக் காமா என்னும் இருவர் சூரிச் நகரிலிருந்து அற்லாண்டாவுக்கு விமானத்திற் செல்லும்போது எழுதத் தொடங்கிய ஜேயூனிற் என்னும் கருவி இவ்வழக்கம் உலகெங்கும் பரவப் பெருந்துணை புரிந்தது. எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது, இரண்டும் ஒன்றா என்று கேட்பதே இச்சோதனையின் சாரம். நமது செயன்முறை வாக்கியத்தையே விடையாகத் தருவதனால், சோதனையும் அவ்வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட நேர்கின்றது.

சில மாதம் கழிகின்றது. நூலகர் வந்து, 'நீர்' என்பது மாணவர்க்குக் கடுமையாகத் தொனிக்கின்றது, 'நீங்கள்' என்று மாற்றுக என்கின்றார். நியாயமான வேண்டுகோள். நிரலாளர் ஒரு சொல்லை மாற்றுகின்றார். உடனே பல சோதனைகள் வீழ்கின்றன. நூல் கொடுக்கும் விதி மாறவில்லை. எண்ணிக்கை பிழைக்கவில்லை. எந்த மாணவனுக்கும் தகாத நூல் கொடுபடவில்லை. ஆயினும், தீப்பற்றியதுபோல் எச்சரிக்கை மணி ஒலிக்கின்றது. சிறிது தொட்டாலும் நொறுங்கும் இத்தகைய சோதனைகளை நொய்ய சோதனைகள் என்று கூறுவது பொருந்தும்.

இதனால் விளையும் தீங்குகள் இரண்டு. முதலாவது, பொய்யாக ஒலிக்கும் மணியை மனிதர் மதியாதொழிவர். சோதனை வீழ்ந்தவுடன் காரணத்தை ஆராயாமல், கிடைத்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எதிர்பார்த்த வாக்கியத்தின் இடத்தில் ஒட்டிவிடுவர். பின்னொருநாள் உண்மையான பிழை வரும்போதும் அக்கை அதே வேலையையே செய்யும். காவலாக வைத்த நாயை நாமே குரைப்பதற்கு மட்டும் பழக்கியவர் ஆவோம்.

இரண்டாவது தீங்கினையே யாம் பெரிதாகக் கருதுகின்றோம். சொல்லை மாற்றினாற் சோதனைகள் வீழும் என்பதறிந்த குழுவினர், சொல்லைத் தொடவே அஞ்சுவர். பிழையான எழுத்தும், புரியாத தொடரும், மரியாதை குன்றிய விளியும் ஆண்டுக்கணக்காகத் திரையிலே நின்றுவிடும். இந்நாட்டிலே இதனால் முதலில் நலிவது சிறுபான்மையோரின் மொழியாகும். 1987ஆம் ஆண்டு நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டத்தில் இடம்பெற்ற மொழி, திரையிலே பிழையின்றி இடம்பெறுதல் வேறொரு காரியம். தமிழ் வாசகத்திலுள்ள பிழையைச் சுட்டும் ஒருவருக்கு, அதைத் திருத்தினால் நாற்பது இடம் உடையும், இப்போது வேண்டாம் என்னும் விடை கிடைக்குமாயின், அங்கே குற்றவாளி மொழிபெயர்ப்பாளரல்லர். செயன்முறையை அவ்வாறு வகுத்தவரே.

ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இந்நோய் புதியதன்று. கேத்திரகணிதத் தேற்றமொன்றை மாணவன் நிறுவுகின்றான். அவனுடைய நியாயம் ஒவ்வொரு படியிலும் சரியாக இருக்கின்றது. ஆயினும், தாம் குறிப்பிற் கொடுத்த வாக்கியங்கள் அவ்வாறே வரவில்லையென்று ஓர் ஆசிரியர் புள்ளியைக் குறைக்கின்றார். அவர் சோதிப்பது கணிதத்தையன்று, மனனத்தை. அவரிடம் படிப்போர் வாக்கியங்களை உருப்போடுவர், சிந்திக்க அஞ்சுவர். நல்ல புள்ளித்திட்டமோ, இப்படி இக்காரணத்தால் வந்தது என்பது தோன்றினாற் போதும், சொல் மாணவனுடையதாகுக என்று கூறும். அலகுச் சோதனையும் இவ்விருவகைப் பரீட்சகருள் யாதானும் ஒருவரைப் போன்றதே. எவரைப் போன்றது என்பதைச் செயன்முறையின் அமைப்பே தீர்மானிக்கின்றது.

ஆதலின் பரிகாரம் சோதனையில் இல்லை. செயன்முறையின் விடையிலே உள்ளது. செயன்முறை வாக்கியத்தைத் திருப்பி அனுப்பற்க. தீர்ப்பைத் திருப்பி அனுப்புக. 'வரம்பு நிறைந்தது' என்னும் குறியீடும், அதனோடு எடுத்தவை 2, வரம்பு 2 என்னும் விவரங்களும் அதன் விடையாக அமைதல் வேண்டும். 'தவணை கடந்தது' என்னும் குறியீட்டோடு நூலின் பெயரும் தவணைத் திகதியும் வருதல் வேண்டும். 'முன்பதிவு உண்டு', 'உசாத்துணை நூல்' என்பனவும் இவ்வாறே. இக்குறியீடுகளை அவற்றுக்குரிய வாக்கியங்களோடு இணைக்கும் பட்டியல் வேறோரிடத்தில், மொழிக்கு ஒன்றாக, இருத்தல் வேண்டும். திரையிலே காட்டும் தருணத்தில் மட்டுமே, குறியீடும் விவரமும் வாக்கியமும் ஒன்றுகூடுக. பிரிந்திருந்த சொல்லும் பொருளும் கேட்பவன் முன்னிலையிலே மீண்டும் இணைகின்றன. எமது முன்னோர் கொள்கைக்கு இதனால் இழுக்கில்லை.

இது யாம் புதிதாகக் கண்டதன்று. இந்தியாவிலே 2013ஆம் ஆண்டு தந்திச் சேவை முடிவுறும் வரையும், வாழ்த்துத் தந்தி அனுப்புவோர் தொடரை முழுமையாக எழுதவேண்டியதில்லை. பட்டியலிலுள்ள எண்ணைக் குறித்தாற் போதும். கம்பியிலே எண் சென்றது; பெறும் கந்தோரிலே வாழ்த்து முழுமை பெற்றது. 1982ஆம் ஆண்டு யொனதன் பொஸ்ரெல் வகுத்த மின்னஞ்சல் விதியும் இதனையே பின்பற்றியது. அங்கே ஒவ்வொரு மறுமொழியும் மூன்று இலக்க எண்ணொன்றும் அதன்பின் சில சொற்களுமாக வரும். எண் இயந்திரத்துக்கு, சொல் மனிதனுக்கு. 250 என்றால் வேண்டியது நிறைவேறிற்று. 550 என்றால் அஞ்சற்பெட்டி கிடைக்கவில்லை. முதலிலக்கம் 4 ஆயின் பின்னர் முயல்க, 5 ஆயின் மீண்டும் அவ்வாறே முயல்வது பயனில்லை என்னும் அளவுக்கு எண்ணே பேசும். இணையப் பக்கம் கிடையாதபோது தோன்றும் 404 என்னும் எண்ணையும் யாவரும் அறிவர். அதனோடு வந்த ஆங்கிலச் சொற்றொடரை 2015இல் வெளிவந்த எச்.ரி.ரி.பி. இரண்டாம் பதிப்பு முற்றாக நீக்கிவிட்டது. எண் மாத்திரம் நின்றது. அத்தொடரை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் இடர்ப்பட்டிருக்கும். எண்ணை நம்பியவை இடர்ப்படா.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையான நெறியை டேவிட் பார்னஸ் என்னும் அறிஞர் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றிலே காணலாம். எத்தீர்மானங்கள் மாறக்கூடியனவோ, அவற்றுள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கூற்றினுள் மறைத்து வைக்கவேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். நூல்நிலைய விதி மாறக்கூடியது, வாக்கியமும் மாறக்கூடியது. ஆனால் இரண்டும் மாறுவது வெவ்வேறு காரணங்களால், வெவ்வேறு மனிதர் சொற்படி. விதியை மாற்றுபவர் அதிபரும் நூல்நிலையக் குழுவினரும். வாக்கியத்தை மாற்றுபவர் மொழியறிந்தவர். இருவரையும் ஒரே செயன்முறையினுள் அடைத்தால், ஒருவர் அசையும்போதெல்லாம் மற்றவர் இடிபடுவர்.

தமிழின் இயல்பே இப்பிரிவினையை வேண்டிநிற்கின்றது என்பதையும் காட்டுவாம். ஆங்கிலத்திலே பெயரொன்றை வாக்கியத்தின் நடுவிற் செருகிவிடலாம். தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும்; ஒட்டும்போது பெயர் வடிவு திரியும். முருகன் முருகனுக்கு ஆவான். கமலா கமலாவுக்கு ஆவாள். செல்வம் செல்வத்துக்கு ஆகும். பெயருக்குப் பின் 'க்கு' என்று நிரலிலே எழுதிவைத்தவர் மூவரையும் பிழையாகவே அழைப்பர். இதனை உணர்ந்த மொழிபெயர்ப்பாளர், 'இரவல் கேட்டவர்: செல்வம்' என்று உருபு வேண்டாத அமைப்பொன்றைத் தெரிவார். அத்தெரிவு அவர் கையில் இருத்தல் வேண்டுமாயின், வாக்கியம் அவர் பட்டியலிலே முழுமையாக இருத்தல் வேண்டும்.

எண்ணுக்கும் இதுவே கதி. ஒருமை, பிற என இரண்டு வகையே தமிழுக்கும் சிங்களத்துக்கும் யூனிக்கோட்டின் மொழிவழக்குத் தரவிலே வகுக்கப்பட்டுள்ளன. ஆயினும் பூச்சியம் சிங்களத்தில் ஒருமையோடு சேரும். தமிழிலோ மற்ற எண்களோடு சேரும். நூல் கொடுக்கலாமா என்று தீர்மானிக்கும் செயன்முறை இந்நுட்பங்களையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டுமோ? வேண்டா.

இன்னுமொன்று. 'கொ' என்னும் எழுத்தை யூனிக்கோட்டில் இருவகையாகப் பதியலாம். ககரத்தின்பின் ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியெண்ணாக இடலாம். அன்றிக் கொம்பையும் அரவையும் இரு குறியெண்களாகவும் இடலாம். யூனிக்கோட் விதிப்படி இரண்டும் சமம், கண்ணுக்கும் ஒன்றே. ஆனால் இரண்டையும் ஒரு நிலைப்படுத்தாமல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை, அவற்றை வேறென்று கூறி வீழும். பார்ப்பவர் இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்து வேற்றுமை காணாது திகைப்பர். தமிழ் வாசகத்தை நேரே ஒப்பிடும் சோதனை, ஆங்கில வாசகத்தை ஒப்பிடுவதினும் நொய்யது என்பதற்கு இது சான்று.

இனி, சோதனைகளை எவ்வாறு பகிர்ந்தமைப்பது என்று கூறுவாம். முதலாவது, தீர்ப்பைச் சோதிப்பன. இவையே எண்ணிக்கையிற் பல. 1 நூல் எடுத்தவன் கேட்டால் இசைவு. 2 எடுத்தவன் கேட்டால் 'வரம்பு நிறைந்தது', எடுத்தவை 2, வரம்பு 2. தவணை இன்றுடன் முடிபவன் கேட்டால் இசைவு. நேற்றுடன் முடிந்தவன் கேட்டால் 'தவணை கடந்தது'. இவற்றுள் ஒரு வாக்கியமும் இல்லை. விதி பிழைத்தால் மட்டுமே இவை வீழும்.

இரண்டாவது, பட்டியலின் நிறைவைச் சோதிப்பது. இதற்கு ஒரு சோதனை போதும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்றிலும் வாசகம் உண்டா, அது வெறுமையானதன்றா, அதிலுள்ள வெற்றிடங்கள் யாவும் செயன்முறை தரும் விவரங்களுள் அடங்குமா, இன்றியமையாத விவரமேதும் விடுபட்டதா என்று அது கேட்கும். புதிய குறியீடொன்றைச் சேர்த்துத் தமிழ் வாசகத்தை மறந்தவர் அன்றே பிடிபடுவர். சொல்லை மெருகிடுபவரோ இதனால் ஒருபோதும் தடைப்படார். தமிழ் வாசகம் இல்லாத செய்நிரல் வெளியே செல்லாதபடி காக்கும் இச்சோதனையை யாம் ஏனையவற்றினும் விரும்புகின்றோம்.

மூன்றாவது, வெற்றிடத்தில் விவரத்தை இட்டு நிரப்பும் கருவியைச் சோதிப்பது. இதற்கு உண்மையான வாசகங்களைப் பயன்படுத்தலாகாது. சோதனைக்கென்றே புனைந்த ஓரிரு தொடர்கள் போதும். நான்காவது, வாசகம் நன்றாயிருக்கின்றதா என்பது. இதனை எந்த இயந்திரமும் சோதியாது. மொழியறிந்த ஒருவர் பட்டியலை முழுவதும் படித்துப் பார்த்தல் வேண்டும். வாசகங்கள் நிரலெங்கும் சிதறிக் கிடக்காமல் ஓரிடத்தில் இருந்தாலன்றி அவ்வாறு படித்தல் இயலாது.

எமது கூற்றுக்குத் தடை நிகழ்த்துவோர் உளர். பயன்படுத்துவோன் காண்பது வாசகத்தையே. ஆதலின் அதுவும் செய்நிரலின் நடத்தையே. அதனைச் சோதியாது விடுதல் கடமை தவறுதலன்றோ என்பர். இத்தடையிலே உண்மையுண்டு. சட்டம் இன்ன சொற்களே வேண்டும் என்று விதித்த அறிவித்தல், மருந்தின் அளவு கூறும் எச்சரிக்கை, கடன் ஒப்பந்தத்தின் வாசகம் என்பவற்றில் ஓரெழுத்துப் பிழைப்பினும் கேடு. அவற்றை எழுத்துக்கு எழுத்துச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குரிய இடம் பட்டியல். ஒரு வாசகத்துக்கு ஒரு சோதனை. தீர்ப்பைச் சோதிக்கும் நாற்பது சோதனைகளிலும் அவ்வாசகத்தைப் பிரதி செய்துவைப்பதற்கு இது நியாயமாகாது.

வேறு சிலர், முழு வாக்கியத்தை ஒப்பிடவேண்டா. முக்கியமான ஒரு சொல் அதில் உண்டா என்று பார்த்தாற் போதும் என்பர். பழைய நிரலொன்றை உடனே மாற்ற இயலாதபோது இது தற்காலிகப் பற்றுக்கோடு ஆகலாம், நிலையான வழியாகாது. 2 என்னும் இலக்கம் உண்டா என்று பார்க்கும் சோதனை, 12 வந்தாலும் 20 வந்தாலும் தேறிவிடும். முக்கியச் சொல்லென்று யாம் தெரிந்த சொல்லையே நாளை மொழிபெயர்ப்பாளர் மாற்றவும் கூடும். இது நொய்மையைக் குறைத்துக் குருட்டுத்தன்மையைக் கூட்டுவதாகும்.

குருட்டுத்தன்மை என்றோம்; அதனையும் எச்சரித்தல் எம் கடன். நொய்மைக்கு அஞ்சிச் செயன்முறையை ஆம், இல்லை என்னும் இரண்டே விடை கூறுமாறு அமைப்போரும் உளர். அப்போது தவணை கடந்தவனை வரம்பு நிறைந்தவன் என்று பிழையாகக் கருதி மறுத்தாலும் சோதனை தேறும். மாணவனோ தான் செய்யாத குற்றத்துக்கு விளக்கம் தேடி அலைவான். மறுப்புக்குக் காரணங்கள் எத்தனையோ, குறியீடுகளும் அத்தனை இருத்தல் வேண்டும். மற்றும், குறியீடு நிரலாளருக்குரியது. அதனை மட்டும் திரையிலே காட்டிவிட்டு வாசகத்தை ஒழித்தல் பெருங்குற்றம். பிழை 17 என்று மாத்திரம் காட்டும் திரையின் முன் முதியவர் ஒருவர் யாது செய்வார்? வாசகத்தை முழுமையாகக் காட்டி, உதவி கேட்போர் தொலைபேசியிற் சொல்லத்தக்கதாய்க் குறியீட்டை அடியிலே சிறிதாக இடுதல் நன்று. நிரலுக்குள் நேரும் உட்பிழைகளை நிரலாளருக்கு அறிவிக்கும் தொடர்களையும் இதனோடு குழப்பலாகாது. அவை பதிவேட்டுக்குரியன, பொதுமக்கள் கண்ணுக்குரியனவல்ல.

இத்தனை ஏற்பாடும் சிறிய நிரலுக்கு மிகையன்றோ என்று மாணவர் கேட்பின், ஒரே மொழியில், ஒரே நாள் பயன்படும் நிரலுக்கு மிகையே என்போம். ஆனால் இந்நாட்டிலே பொதுமக்கள் பயன்படுத்துவதற்கென எழுதப்படும் நிரல் மூன்று மொழியிற் பேசவேண்டியது, பல்லாண்டு நிற்கவேண்டியது, பலர் கைமாறவேண்டியது. அதற்கு இது மிகையன்று, குறைந்தபட்சம். ஏற்கெனவே எழுதப்பட்ட பழைய நிரலைக் கையேற்போரும் அஞ்சவேண்டியதில்லை. ஒரு செயன்முறையை எடுத்து, அதன் உள்ளே தீர்ப்பைக் கூறும் புதிய செயன்முறையை வகுத்து, பழையதை அத்தீர்ப்புக்கு வாசகம் தேடிக் கொடுக்கும் மெல்லிய உறையாக்கிவிடலாம். பழையதை அழைப்போர் எவரும் பாதிக்கப்படார். சோதனைகளை ஒவ்வொன்றாகப் புதியதற்கு மாற்றலாம்.

இளைய நிரலாளர்க்கு யாம் கூறவிரும்புவது இதுவே. அடுத்தமுறை ஒரு சொல்லைத் திருத்தியதனால் உங்கள் சோதனை வீழுமாயின், அச்சொல்லைப் பழையபடி மாற்றிவிடாதீர்கள். சோதனையிலும் புதிய வாக்கியத்தை ஒட்டிவிட்டு அகலாதீர்கள். செயன்முறை தீர்ப்புக் கூறுகின்றதா, வாக்கியம் இயற்றுகின்றதா என்று சற்றே நின்று பாருங்கள். பின்னர், தமிழறிந்த உங்கள் பழைய ஆசிரியர் ஒருவரிடம் அந்த வாசகப் பட்டியலைக் கொடுத்துத் திருத்தித் தருமாறு கேளுங்கள். அவர் சிவப்பு மையால் எத்தனை கோடு இட்டாலும் ஒரு சோதனையேனும் வீழாதாயின், உங்கள் செய்நிரல் செம்மையாக வகுக்கப்பட்டுள்ளது என்று யாம் துணிந்து கூறுவோம்.